சாம்பாருக்குள் எத்தனை நாடு?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டைப் பற்றியும், பிற ஊர், பிற நாட்டு மக்களின் சாப்பாட்டைப் பற்றியும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆசிரியர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கல்வி, ஊட்டச்சத்துக் குழுவின் பதில்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கு மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு எல்லாம் நடத்திவிட்டேன். கேட்டால் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். மதியம் பார்த்தால் சாம்பார் சாதத்தில் கிடக்கும் காயைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். எங்கே தப்பு? (ஆசிரியை, அருப்புக்கோட்டை)

எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரதம் என்பது கண்ணுக்குத் தெரியாத வெறும் சொல். பருப்பும் முட்டையும்தான் தெரியும். சத்தின் பெயர்களை ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாடு உடம்புக்குள் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் உணவை மூன்று நிறமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். உடம்பைக் கட்டுவது சிவப்பு: பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, பால். ஓடியாடத் தெம்பு தருவது மஞ்சள்: அரிசி, கோதுமை, கிழங்கு, எண்ணெய், சர்க்கரை. உடம்பைச் சீராக வைத்திருப்பது பச்சை: காய், கீரை, பழம். எளிய முறைதான். ஆனால் அப்படியே எடுத்து நடத்தினால் ஒரு இடத்தில் கட்டாயம் சிக்கும். தக்காளியைக் கொடுத்தால் பிள்ளைகள் சிவப்பில் வைப்பார்கள், பச்சைப் பயற்றைப் பச்சையில் வைப்பார்கள். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு வேலையின் பெயரையே வையுங்கள்: கட்டுவது, ஓடவைப்பது, காப்பது. தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று வட்டம் போட்டு, அன்றைய சத்துணவுக்கு வந்த சமைக்காத பொருள்களில் ஒவ்வொரு பிடி வாங்கிவந்து பிரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த நாள் தராசைக் கொண்டுவாருங்கள். மத்திய அரசின் அளவுப்படி தொடக்க வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு மதிய உணவில் 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். நான்கையும் நிறுத்து நான்கு கிண்ணங்களில் வையுங்கள். இதெல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். அரிசி வெந்தால் எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிடும், காய் சுருங்கும். தட்டில் சோறு மலைபோலவும் காய் அங்கொன்று இங்கொன்றாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியோ, ஒரு நாள் தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது. இருக்கிற அந்த 50 கிராமும் ஓரத்துக்குப் போனால் எவ்வளவு மிஞ்சும் என்று பிள்ளைகளே தராசில் பார்க்கட்டும்.

காயை ஒதுக்குவதற்கு இரண்டு காரணம் உண்டு. பழகாத உணவைக் கண்டு பயப்படுவது சிறு வயதின் இயல்பு. ஒரு காயை எட்டிலிருந்து பதினைந்து முறை வரை வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு அது பழகும். இரண்டு முறை கொடுத்துவிட்டு 'இவனுக்குப் பிடிக்காது' என்று நாம்தான் முடிவுகட்டிவிடுகிறோம். இன்னொரு காரணம் சமையற்கூடத்தில் இருக்கிறது. முள்ளங்கியும் பூசணியும் பருப்போடு சேர்ந்தே வெந்தால் குழைந்து கொழகொழத்துப் போகும். கத்தரிக்காய் பெரிய துண்டாக இருந்தால் தோல் தனியாக வாயில் சிக்கும். பருப்பு முக்கால்வாசி வெந்த பிறகு காயைப் போட்டு, எல்லாத் துண்டையும் புளியங்கொட்டை அளவுக்குச் சின்னதாக நறுக்கச் சொல்லிச் சமையலரிடம் கேட்டுப் பாருங்கள். பாடத்தைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

கேள்வி: சுவைத்துப் பார்க்கும் வகுப்பு நடத்தச் சொல்கிறார்கள். 30 பிள்ளைகள், 40 நிமிடம், கையில் நூறு ரூபாய். முடியுமா? (நான்காம் வகுப்பு ஆசிரியர், மன்னார்குடி)

முடியும். ஐம்புலனாலும் உணவை அறியும் இந்தப் பயிற்சியை 1970-களில் பிரான்சில் பிள்ளைகளுக்காக உருவாக்கியவர் ழாக் பூய்சே. பிறகு சுவீடனும் பின்லாந்தும் எடுத்துக்கொண்டன. அடிப்படை ஒன்றுதான்: பிள்ளை சாப்பிட்டாக வேண்டும் என்பது நோக்கமில்லை, கவனித்துச் சொல்ல வேண்டும்.

ஒரே காய், மூன்று வடிவம். கேரட் முக்கால் கிலோ போதும். ஒரு வடிவத்துக்குத் தலைக்கு 6 கிராம் என்றால் 30 பிள்ளைக்கு 540 கிராம். மீதி தோலுக்கும் நுனிக்கும் போகும். மூன்றில் ஒரு பங்கைப் பச்சையாக விரல் நீளக் குச்சிகளாக நறுக்குங்கள். ஒரு பங்கை ஆவியில் வேகவையுங்கள். மற்றதைத் துருவி எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிவிட்டு உட்காரட்டும். முதலில் பார்வை, பிறகு வாசனை, பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பச்சைக் குச்சியைக் கடிப்பது. மண்டைக்குள் கேட்கும் அந்த மொறுமொறுப்பில் வகுப்பே அடங்கிவிடும். அதன் பிறகுதான் ருசி.

வகுப்பில் 'உவ்வே'யும் கிடையாது, 'சூப்பர்' என்பதும் கிடையாது. மொறுமொறு, நறநற, கொழகொழ, துவர்ப்பு, மண்வாசனை என்று சொற்களைக் கரும்பலகையில் சேர்த்துக்கொண்டே போங்கள். பிடிக்காவிட்டால் 'எனக்கு இன்னும் பழகவில்லை' என்று சொல்லலாம், காகிதத்தில் துப்பலாம். வாயில் வைக்கவே மாட்டேன் என்பவர் முகர்ந்து பார்த்துச் சொன்னாலும் போதும்.

இது எங்கெல்லாம் கெடும் என்றால், முதலில் கை தூக்கச் சொல்வதில். 'யாருக்குப் பிடித்தது?' என்று கேட்டவுடன் வகுப்புத் தலைவன் முகத்தைச் சுளித்தால் பாக்கி 29 பேருக்கும் பிடிக்காது. முதலில் ஒவ்வொருவரும் எழுதட்டும் அல்லது வரையட்டும், அப்புறம் பேசலாம். 'டீச்சருக்காக ஒரு வாய்' என்று கெஞ்சினால், இதில் ஏதோ கெட்டது இருக்கிறது, அதனால்தான் கெஞ்சுகிறார்கள் என்று பிள்ளை புரிந்துகொள்ளும். சாப்பிட்டால் மிட்டாய் தருவதாகச் சொன்னால் மிட்டாயின் மதிப்பு இன்னும் ஏறும், காயின் மதிப்பு இறங்கும். காலை உணவு முடிந்தவுடன் நடத்தினாலும் வீண். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன், லேசாகப் பசி எடுக்கும் வேளைதான் சரி.

இரண்டாவது வகுப்புக்கு நெல்லிக்காய். கடித்து மென்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். அப்போது நம் அறுசுவைப் பட்டியலை எழுதுங்கள்: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு. பக்கத்திலேயே இன்றைய அறிவியலின் பட்டியலையும் எழுதுங்கள். அதில் கார்ப்பும் துவர்ப்பும் இல்லை. காரம் என்பது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை, துவர்ப்பு என்பது வாய் வறண்டு இழுக்கும் உணர்வு என்று அது கணக்கிடுகிறது. அதற்குப் பதிலாக ஐந்தாவதாக 'உமாமி' என்று ஒன்று இருக்கிறது. 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றில் அதைப் பிரித்துக் காட்டினார். பழுத்த தக்காளியிலும் கருவாட்டிலும் அது உண்டு. எல்லார் வாயிலும் இருப்பது ஒரே மாதிரி நாக்குத்தான், கணக்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு. பிற பண்பாட்டைப் பற்றி நான்காம் வகுப்புக்கு இதைவிட நேரான அறிமுகம் கிடைப்பது அரிது.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. தினமும் காலையில் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். போன வாரம் நூடுல்ஸ் கொண்டுபோனதற்கு எல்லார் முன்னாலும் 'குப்பை உணவு' என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது டப்பாவைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். (தாய், கோவை)

இது தவறான முறை. ஏழு வயதுப் பிள்ளை டப்பாவைக் கட்டுவதில்லை. கட்டாத ஒன்றுக்காக அவமானப்பட்டால் அவள் நூடுல்ஸை வெறுக்க மாட்டாள், மறைத்துச் சாப்பிடத்தான் பழகுவாள். நம் ஊரில் டப்பா சோதனைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கருவாடோ மாட்டிறைச்சியோ கொண்டுவந்த பிள்ளையும், நேற்றைய குழம்பையே கொண்டுவந்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும். ஆரோக்கியம் என்ற பெயரில் சாதியும் வசதியும் அங்கே அளக்கப்படுகின்றன.

பள்ளியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். டப்பாவைப் பற்றி எதுவானாலும் பெற்றோரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். என்ன கொண்டுவரலாம் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். இடைவேளைக்குப் போதிய நேரம் விட வேண்டும். பத்து நிமிட இடைவேளையில் சப்பாத்தியும் பொரியலும் எந்தப் பிள்ளையாலும் தின்று முடியாது, பிஸ்கட்டுதான் முடியும். டப்பா திரும்பி வருவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

சர்க்கரை பற்றிப் பாடம் வேண்டுமென்றால் பிள்ளைகளின் டப்பா வேண்டாம், கடையில் கிடக்கும் காலி உறை போதும். ஆசிரியரே நான்கைந்து உறைகளைச் சேர்த்துக்கொண்டு வரலாம். கோலா வகைப் பானம் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலுக்கு 26 கிராம் என்று வைத்து, சர்க்கரையைத் தராசில் நிறுத்துக் கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். கலோரியில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நாள் ஒன்றுக்கு 1,400 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 35 கிராம். ஐந்து சதவீதமாகக் குறைப்பது இன்னும் நல்லது என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. உறையைப் படிக்கும்போது பிள்ளைகள் சறுக்குவது ஒரே இடத்தில்: 'ஒரு பரிமாறலுக்கு' என்று எழுதியிருப்பதை முழுப் பாக்கெட்டுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். 100 கிராமுக்கு என்றுள்ள வரிசையை மட்டும் பார்க்கப் பழக்குங்கள். அதில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' தனியாக இருக்கும்.

கேள்வி: நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி பிஸ்கட் கொடுத்தால் நல்லதுதானே? (வாசகர், தூத்துக்குடி)

ருசிக்குக் கொடுங்கள். பல்லும் உடம்பும் அதையும் சர்க்கரையாகத்தான் கணக்கில் வைக்கும். மைதாவும் டால்டாவும் அதில் எவ்வளவு என்று உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: அக்டோபர் 16 உலக உணவு நாளுக்கு 'உலக உணவுத் திருவிழா' நடத்தத் தலைமை ஆசிரியர் விரும்புகிறார். பெற்றோர்கள் பீட்சா, பர்கர், நூடுல்ஸ் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். பிற பண்பாடு என்று இதைச் சொல்லலாமா? (ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, கரூர்)

சொல்லலாம், ஆனால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பக்கத்துக் கடையின் பண்பாட்டை. கொடியும் தொப்பியும் மாட்டிவிட்டு, 'இவர்கள் பாம்பு தின்பார்கள், அவர்கள் பூச்சி தின்பார்கள்' என்று சிரிக்கவைக்கும் திருவிழாவைவிட ஒன்றும் நடத்தாமல் இருப்பது மேல். தன் தட்டில் உலகம் எப்படி வந்து சேர்ந்தது என்பதிலிருந்து பிள்ளை தொடங்கினால், மற்றவர் தட்டைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.

எங்கள் யோசனை, சாம்பார் வரைபடம். இரண்டு பாடவேளை போதும். வேண்டியவை பெரிய உலக வரைபடம் ஒன்று, கம்பளி நூல் ஒரு உருண்டை, ஒட்டும் பொட்டு ஒரு அட்டை. தொடக்க வகுப்பில் குண்டூசி வேண்டாம், பொட்டே போதும். முதல் பாடவேளையில் சாம்பாரில் என்னென்ன போடுவார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் செய்து பட்டியல் போடுங்கள். இரண்டாவதில் ஒவ்வொன்றின் தாயகத்தில் பொட்டு ஒட்டி, அங்கிருந்து கரூருக்கு நூல் இழுங்கள்.

மிளகாயும் தக்காளியும் மெக்சிகோ பக்கம். உருளைக்கிழங்கு பெரு நாட்டு ஆண்டீஸ் மலை. பீன்ஸும் பரங்கிக்காயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வெங்காயமும் கேரட்டும் மத்திய ஆசியா. மல்லி மத்தியதரைக் கடல் ஓரம். புளியின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பதை நம்ப மாட்டார்கள். அவ்வளவு காலத்துக்கு முன்பே அது இங்கே வந்துவிட்டது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான். இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சி இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020-ல்தான் தொடங்கியது. துவரை, முருங்கை, மஞ்சள், கறிவேப்பிலை இந்த மண்ணுக்குரியவை. கத்தரியும் நம் பக்கத்துக் காய்தான்.

பிறகு அமெரிக்கக் கண்டத்து நூல்களை மட்டும் கத்தரியுங்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. மிளகாய் அதன் பிறகு போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அதற்கு முன் இங்கே காரத்துக்கு என்ன செய்திருப்பார்கள்? மிளகு என்ற பதில் யாராவது ஒரு பிள்ளையிடமிருந்து வந்தே தீரும். அதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இந்தப் பாடத்தில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். 'அப்படியென்றால் சாம்பார் நம்முடையது இல்லையா?' என்று ஒரு குரல் வரும். பொருள்கள் பல ஊரிலிருந்து வந்தவை, அவற்றைச் சேர்த்த கை இங்கேயுள்ளது என்று சொல்லலாம். ஆப்பிரிக்கா என்பதை ஒரே நாடு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். முடிந்த இடத்தில் நாட்டின் பெயரையோ மலையின் பெயரையோ சேர்த்துச் சொல்லுங்கள். இன்றைய எல்லைக்கோடுகள் அந்தப் பயிர்களுக்குத் தெரியாது என்பதால், பொட்டை ஒரு புள்ளியாக வைக்காமல் அந்தப் பக்கத்துப் பிரதேசமாகக் காட்டுவது இன்னும் சரி.

நேரம் இருந்தால் கேழ்வரகுக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில் முதலில் பயிரானது. சோளம் சூடான் பக்கம், கம்பு சகாராவுக்குத் தெற்கே மாலி பக்கம். நம் கூழுக்கும் களிக்கும் அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள் என்பது புத்தகத்தில் இல்லாத செய்தி. எத்தியோப்பியாவில் டெஃப் என்ற கடுகைவிடச் சின்ன தானியத்தை மாவாக்கி, கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகலமான தட்டைக் கல்லில் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றுவார்கள். நாம் நடுவிலிருந்து வெளியே இழுக்கிறோம். அவர்கள் மூடிபோட்டு ஒரு பக்கம் மட்டுமே வேகவைப்பார்கள், மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். அதன் பெயர் இஞ்செரா. அதன் மேலேயே குழம்பு வகைகளைப் பரப்பி, எல்லாரும் ஒரே தட்டிலிருந்து வலக்கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். அன்பு காட்ட ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுவதும் வழக்கம். டெஃப் இங்கே எளிதில் கிடைக்காது. கேழ்வரகு தோசையைத் திருப்பிப் போடாமல் மூடிச் சுட்டுக் காட்டலாம். ஆனால் 'இதுதான் இஞ்செரா' என்று சொல்லாதீர்கள். 'இப்படித்தான் ஒரு பக்கம் வேகவைப்பார்கள்' என்று மட்டும் சொல்லுங்கள்.

மக்காச்சோளத்துக்கும் நல்ல கதை உண்டு. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவு ஊறவிட்டு, கழுவி அரைத்துத்தான் டார்ட்டியா என்ற ரொட்டி சுடுவார்கள். சுண்ணாம்பு, மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை விடுவிக்கிறது. இந்த ஒரு படியை விட்டுவிட்டு மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளுக்கும் அமெரிக்கத் தென் மாநில ஏழைகளுக்கும் பெல்லாக்ரா என்ற தோல், குடல், மூளை நோய் வந்தது. பொருள் போய்ச் சேர்ந்தது, செய்முறை போய்ச் சேரவில்லை. வகுப்பில் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டாம், கண்ணில் பட்டால் எரித்துவிடும். சொன்னாலே போதும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நிறைய. சாம்பார் சாதம் இறங்குவதில்லை. மற்ற பிள்ளைகள் 'வடக்கன்' என்று கிண்டல் செய்கிறார்கள். (தலைமை ஆசிரியை, திருப்பூர்)

கிண்டலை அன்றைக்கே நிறுத்துங்கள். அதற்குப் பாடத்திட்டம் தேவையில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். அந்தப் பிள்ளைகளுக்குப் பருப்பும் சோறும் புதிதல்ல, புளியும் சாம்பார்ப் பொடியும்தான் புதிது. புளி ஊற்றுவதற்கு முன் வெந்த பருப்பில் ஒரு பாத்திரம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பருப்பும் சோறும், மேலே இரண்டு கரண்டி சாம்பார் ஓரமாக. பிறகு சாம்பாரைக் கூட்டிக்கொண்டே போகலாம். செலவு ஒன்றும் இல்லை.

வகுப்புக்கு மிகப் பொருத்தமான பாடம் பழைய சோறு. ஒடிசாவில் அது பகாளா. மார்ச் 20-ஐ அதற்கென்றே நாளாகக் கொண்டாடுகிறார்கள். வங்கத்தில் பாந்தா பாத், அசாமில் பொய்தா பாத். கிழக்குக் கடற்கரையை ஒட்டி மேலே ஏறிப்போனால் நெல் விளையும் ஊரெல்லாம் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். நாம் சின்ன வெங்காயம் கடிக்கிறோம். அங்கே பச்சை மிளகாய், வறுத்த கீரை, மசித்த உருளை, பொரித்த மீன். 'உங்கள் வீட்டில் எதைத் தொட்டுக்கொள்வீர்கள்?' என்று கேட்டால் கரும்பலகை நிறைந்துவிடும். இதைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பள்ளியில் பரிமாற வேண்டாம். சூடான சோறு தண்ணீர் ஊற்றப்படாமல் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அதில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது.

பீகாரில் 'சத்து' என்று சொல்லும் மாவில் ஒரு பானம் செய்தே காட்டலாம். வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு அது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு, அரை எலுமிச்சை, வறுத்த சீரகப் பொடி, உப்பு. மாவை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துவிட்டுப் பிறகு மீதித் தண்ணீரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும்.

ஒரு எச்சரிக்கை: அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி 'உங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சொல்லு' என்று கேட்காதீர்கள். கலந்து பழக நினைக்கும் பிள்ளையைத் தனியாகப் பிரித்துக் காட்டுவதாக அது முடியும். பெற்றோருக்கு முதல் நாளே அவர்கள் மொழியில் ஒரு குரல்செய்தி அனுப்பி, விருப்பமிருந்தால் வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜப்பானில் பிள்ளைகளே வெள்ளை மேலங்கி போட்டுப் பரிமாறும் வீடியோ பார்த்தேன். நம் சத்துணவில் அதைச் செய்யலாமா? (உதவி ஆசிரியர், செங்கல்பட்டு)

செய்யலாம், ஆனால் வீடியோவில் தெரியாத பாதியையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஜப்பானில் பள்ளி மதிய உணவுச் சட்டம் 1954-ல் வந்தது. உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் 2005-ல் வந்தது. அதே ஆண்டு ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற தனிப் பதவியும் தொடங்கியது. பரிமாறுவதும் துடைப்பதும் பாடவேளைக்குள் அடங்கும். வகுப்பாசிரியரும் அதே சோற்றை அதே அறையில் உட்கார்ந்து சாப்பிடுவார். இந்தக் கடைசி விஷயத்தை நாளைக்கே நீங்கள் தொடங்கலாம்.

பிள்ளைகள் கொதிக்கும் அண்டாவைத் தொடக் கூடாது. முட்டை, வாழைப்பழம், தண்ணீர், தட்டு அடுக்குவது மட்டும் அவர்கள் கையில். வாரத்துக்கு ஆறு பேர், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி, பெண்ணென்றும் ஆணென்றும் பார்க்காமல். பட்டியல் சுவரில் தெரிய வேண்டும். துடைப்பதும் கூட்டுவதும் அதே ஆறு பேர். யாரையாவது 'நீ நன்றாகப் பெருக்குகிறாய்' என்று நிரந்தரமாக்கிவிட்டால், அது எந்தப் பிள்ளையாக இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். 'அந்தப் பிள்ளை கையால் என் மகன் வாங்கமாட்டான்' என்று ஒரு பெற்றோர் வந்து நின்றால், பட்டியலில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் வளைந்துகொடுக்கலாம்.

கேள்வி: அடுப்பில்லாச் சமையல் வகுப்புக்கு என்ன செய்யலாம்? ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது? (பள்ளி ஒருங்கிணைப்பாளர், சென்னை)

முளைகட்டிய பயறு சாலட். 30 பிள்ளைக்கு 300 கிராம் பச்சைப் பயறு. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி 12 மணி நேரம் வைத்தால் அளவு இரண்டு மடங்குக்கு மேல் வரும். பச்சை முளையில் கிருமி பெருக வாய்ப்பு அதிகம். ஆகவே இட்லிப் பானையில் ஏழெட்டு நிமிடம் வேகவைத்தே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பு அங்கே தேவையில்லை. கேரட் துருவுவது பெரியவர் வேலை. எலுமிச்சை பிழிவது, கொத்தமல்லி கிள்ளுவது, கூர் இல்லாத கத்தியால் வெள்ளரி வெட்டுவது பிள்ளைகள் வேலை. உப்பு ஒரு தேக்கரண்டி மட்டம், மொத்தத்துக்கும்.

ஒவ்வாமைக்கு ஒரு வாரம் முன்பே படிவம் அனுப்புங்கள். நிலக்கடலை, எள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால், முந்திரி என்று பெயர் போட்டே கேளுங்கள். 'ஏதாவது ஒவ்வாமை உண்டா?' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். உதடு வீங்குவது, திட்டுத் திட்டாகத் தடிப்பது, திடீர் வாந்தி, மூச்சு இழுப்பு ஆகியவை அறிகுறிகள். மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் 108. மதம், விரதம் காரணமாகத் தவிர்ப்பவை என்னவென்று அதே படிவத்தில் ஒரு வரி இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர் இருந்தால் முழுக் கடலையும் முழுத் திராட்சையும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டத் துண்டு தொண்டையை அடைக்கும்.

கேள்வி: இவ்வளவும் செய்த பிறகு பலன் இருக்கிறதா என்று எப்படி அறிவது? தேர்வு வைக்கலாமா? (வட்டார வள மைய ஆசிரியர், தருமபுரி)

தேர்வு வைத்தால் ஒப்பிப்பதுதான் திரும்ப வரும். மிச்சத்தை நிறுங்கள். கை கழுவும் இடத்தில் இரண்டு வாளி: ஒன்றில் ஒதுக்கிய காய், இன்னொன்றில் மற்றதெல்லாம். பாடம் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு வாரம். அன்றைக்குச் சாப்பிட்டவர் எண்ணிக்கையால் எடையை வகுத்தால் தலைக்கு எத்தனை கிராம் என்று கிடைக்கும். திங்களைத் திங்களோடும் செவ்வாயைச் செவ்வாயோடும் ஒப்பிடுங்கள்; கீரை நாளையும் உருளைக்கிழங்கு நாளையும் ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகும். காய் வேறாக இருந்தாலும் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எதற்காக நிறுக்கிறோம் என்று முதல் வாரத்தில் சொல்லாதீர்கள். வாளியில் வகுப்பின் பெயர் எழுதிப் போட்டி வைக்கவும் கூடாது. போட்டி என்று தெரிந்தால் முள்ளங்கி வாளிக்கு வராது. பாக்கெட்டுக்கும் ஜன்னலுக்கு வெளியேயும் போய்விடும்.